வழுக்கியதா, சுருண்டதா: ஆவணக் காப்பாளர் பொன்னுத்தாய் அவர்களுக்கு

சொல்லைச் சோதித்துச் சோதித்துச் சோர்வே அறியாத சீலமே, வினைச்சொல் ஒவ்வொன்றையும் விரல்நுனியில் நிறுத்தி விசாரித்த விவேகமே, முதல் மாடி மூலையறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் அமர்ந்து, அறியாதவர் ஆயிரமாயிரம் பேரின் அவதியை ஆங்கிலத்தில் அச்சேற்றி அனுப்பிய அன்பே, ஆவணப் பிரிவின் அச்சாணியே, மதிப்பிற்குரிய திருமதி பொன்னுத்தாய் அம்மையீர்,

வணக்கம். திருவரங்கம் வடகரை மருத்துவமனையின் மருத்துவர்களும் செவிலியரும் ஆவணப் பிரிவினரும் ஆய்வகத்தாரும் காவலரும் கேன்டீன்காரரும் ஒன்றுகூடி இம்மடலை வாசிக்கிறோம். முறைப்படி உங்கள் முகத்தைப் பார்த்து, ‘நீங்கள்’ என்று விளித்தே இதைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் நீங்கள் பாதியிலேயே எழுந்து திருத்தம் சொல்வீர்கள் என்று ஒரு பயம் எங்களுக்கு. ஆகவே, வந்திருக்கும் உங்கள் உறவினரையும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களையும் பார்த்து, பொன்னுத்தாய் என்ற ஒருவரின் கதையைச் சொல்கிறோம். அவரே எங்களிடம் தேநீர் நேரங்களில் சொன்னதுதான் பெரும்பாலும். இதில் வரும் இரண்டு குடும்பத்தாரும் தங்கள் பெயரைச் சொல்ல இசைவு தந்திருக்கிறார்கள்.

பொன்னுத்தாய் ஜீயபுரத்துக்காரர். அப்பாவுக்குக் காவிரிக்கரையில் ஒன்றரை ஏக்கர் வாழை. அந்த வீட்டில் ஆங்கிலம் என்பது உர மூட்டையின் மேல் அச்சடித்திருந்தது மட்டும்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து ஆங்கிலத்தில் ஹையர் தேறினார். கண் எழுத்தைப் பார்க்கும், விரல் அதை அடிக்கும், பொருள் மட்டும் நடுவில் எங்கோ தொலைந்துபோகும். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சொல் அடிப்பேன், அதில் பத்துக்குக்கூட அர்த்தம் தெரியாது என்பார். 1990 ஜூனில், இருபத்தைந்தாவது வயதில், இங்கே டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தார். நோயாளி வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுத்தனுப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியை, டாக்டர்களின் கிறுக்கலைப் பார்த்து அடித்துத் தருவது வேலை.

சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு வரி அவரை நிறுத்திவிட்டது. ‘பேஷன்ட் டினைஸ் செஸ்ட் பெயின்.’ ‘டினை’ என்றால் மறுத்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தார். நெஞ்சுவலி இல்லை என்று ஒரு மனிதர் சொன்னால், சொன்னார் என்று எழுதினால் போதாதா? எதற்காக மறுக்க வேண்டும்? அவர் மேல் யார் சந்தேகப்பட்டார்கள்? காகிதத்தை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடமே போய்க் கேட்டார்.

“இங்கிலீஷ்ல அது வழக்கம்மா,” என்று சிரித்து அனுப்பிவிட்டார் அவர்.

வேறொருவர் என்றால் அதோடு விட்டிருப்பார். பொன்னுத்தாய்க்கோ அன்று சாயங்காலம் ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதும் அதே யோசனை. வழக்கம் என்றால், யாருடைய வழக்கம்?

தெப்பக்குளம் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் தலையணை கனத்துக்கு ஓர் அகராதி வாங்கினார். ஒரு நீள நோட்டும் போட்டார். ஒன்றுபோலத் தெரிந்து ஒன்றாக இல்லாத வினைச்சொற்களை அதில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தார். கண் டாக்டர் ‘லுக்’ பண்ணச் சொல்கிறார், நோயாளி ‘ஸீ’ பண்ணுகிறார், வீட்டுக்காரர் அருகில் உட்கார்ந்து ‘வாட்ச்’ பண்ணுகிறார். தமிழில் மூன்று பேரும் பார்க்கத்தான் பார்க்கிறார்கள். ஆங்கிலம் எவ்வளவு நுணுக்கமான பாஷை என்று முதலில் வியந்தார். பிறகு எதிர்ப்பக்கமும் தெரிந்தது. தமிழில் தலை இடிக்கிறது, கால் குடைகிறது, வயிறு பிசைகிறது, பல் தெறிக்கிறது, கண் உறுத்துகிறது. வார்டில் டாக்டர் அத்தனைக்கும் ‘பெயின்’ என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். எந்தப் பாஷை எங்கே பிரிக்கிறது, எங்கே சேர்த்துக்கொள்கிறது என்பதில் அவருக்கு ஒரு தீராத ருசி உண்டாயிற்று. ஐந்தாறு ஆண்டுகளில், தமிழ் மீடியத்தில் படித்த அந்தப் பெண்ணிடம் கான்வென்ட்டில் படித்த டாக்டர்கள் வந்து சொல் கேட்கும் நிலை வந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் வந்தது. இதையும் அவர்தான் எங்களிடம் சொன்னார்.

1998-ல் அந்தக் கர்வத்துக்கு ஓர் அடி விழுந்தது.

ஜீயபுரத்தில் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த விவசாயி தங்கையன், சர்க்கரை நோயில் இடதுகால் விரல் இரண்டு கறுத்துப்போய் இங்கே வந்தார். விரலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே ஏறும் என்றார்கள். “வியாழக்கிழமை மக கல்யாணம் சார். பந்தியில நான் நிக்கணும். வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் வந்து படுத்துக்கிறேன்,” என்றார் தங்கையன். டூட்டி டாக்டர் அதைச் சரியாகவே எழுதினார்: ‘நாட் வில்லிங் நவ், வில் கம் ஆன் ஃப்ரைடே.’ சம்மரியில் அந்தக் கட்டம் சின்னது. பொன்னுத்தாய் அதைச் சுருக்கினார். அவருடைய நோட்டில் அருகருகே இருந்த சொற்களில் கச்சிதமாக ஒன்று கிடைத்தது. ‘ரெஃப்யூஸ்டு சர்ஜரி’ என்று அடித்தார்.

வெள்ளிக்கிழமை எங்கள் சர்ஜன் ஊரில் இல்லை. சொன்ன சொல் தவறாமல் வந்த தங்கையனை, அதே தாளோடு நகரத்தில் வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டர் தாளைப் படித்தார். “அன்னைக்கு ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டு, இப்ப முத்திப்போனதும் வந்து நிக்கிறீங்களே,” என்று புது மாப்பிள்ளை முன்னாலேயே கடிந்துகொண்டார். தங்கையன் ரோஷக்காரர். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பத்து நாள் யார் சொல்லியும் எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறவில்லை. பதினோராம் நாள் காய்ச்சலில் நினைவு தப்பியபிறகுதான் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு விரலோடு போயிருக்க வேண்டியது முழங்காலுக்குக் கீழே மொத்தமும் போயிற்று.

அவர் மனைவி ராக்கம்மாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆவணப் பிரிவுக்கு வந்தார்.

“ஏம்மா பொன்னுத்தாயி, நாங்க எப்ப மாட்டோம்னு சொன்னோம்? ரெண்டு நாள் பொறுங்கன்னுதானே கேட்டோம். இதை யாரு இப்படி எழுதுனது?”

டாக்டர் எழுதினார் என்று சொல்லியிருக்கலாம். கையெழுத்து டாக்டருடையதுதான்.

“நான்தான் அண்ணி. டாக்டர் சரியாத்தான் எழுதியிருந்தாரு. சுருக்கமா இருக்கட்டும்னு நான் மாத்திட்டேன்.”

ராக்கம்மாள் அந்தத் தாளை மேசைமேல் வைத்தார். “வெளியூர் டாக்டருக்குப் புரியலைன்னா சரி. நீ நம்ம ஊருப் பொண்ணு. உனக்குமா நாங்க பேசுறது புரியல?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

பொன்னுத்தாய் இரண்டு நாள் லீவு போட்டார். ராஜினாமாக் கடிதம் எழுதினார். கொடுக்குமுன் தங்கையனைப் பார்க்கப் போனார். வாசலில் கட்டிலில் படுத்திருந்த மனுஷர் கடிதத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, “எந்திரிச்சு வந்தது நான். என் ரோஷத்துக்கும் இதுல பங்கு இருக்கு. நீ வேலையை விட்டுட்டா என் காலு மொளைக்கவா போகுது? இருந்து ஒழுங்கா எழுது,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது மன்னிப்பா, கோபமா என்று பொன்னுத்தாய்க்கு இன்றுவரை தெரியாது. கடிதத்தைக் கொடுக்காமல் வேலைக்குத் திரும்பினார்.

அதன்பிறகு நோட்டின் போக்கு மாறியது. அகராதியிலிருந்து எழுதுவது குறைந்து, ஆட்கள் சொன்னதை எழுதுவது கூடியது. ‘ரெஃப்யூஸ்’ என்பதற்கும் ‘டிக்ளைன்’ என்பதற்கும் மரியாதையில்தான் வித்தியாசம் என்று முன்பு எழுதியிருந்தார். அதன் கீழே, ‘இரண்டுமே கதவைச் சாத்துகின்றன. நேரம் கேட்பது வேறு’ என்று சிவப்பு மையில் ஒரு வரி சேர்ந்தது. இரண்டு சொல்லில் எது என்று சந்தேகம் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து வார்டுக்குப் போய்விடுவார். டைப்பிஸ்ட்டுக்கு வார்டில் என்ன வேலை என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். “ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேங்க,” என்பதுதான் எல்லோருக்கும் ஒரே பதில்.

2014-ல் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி. அவருடைய பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம். கடைசியாக வந்த கேஸ் ஷீட், சுராயா என்ற முப்பத்து நாலு வயதுப் பெண்ணுடையது. வீடு திருவானைக்காவல். குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, கட்டுப் போட்டாயிற்று. வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. எலும்பு டாக்டர் சித்தார்த்தன் ‘ஸ்லிப்டு இன் பாத்ரூம்’ என்று எழுதியிருந்தார். முதலில் பார்த்த நர்ஸ் ஷெர்லினின் குறிப்பில் ‘கொலாப்ஸ்டு நியர் பாத்ரூம்’, அதாவது சுருண்டு விழுந்தார் என்று இருந்தது.

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பொன்னுத்தாய் எழுந்து வார்டுக்குப் போனார். சுராயா கிளம்பத் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“எப்படி விழுந்தீங்கம்மா? தரை வழுக்குச்சா, கால் எதுலயாச்சும் தடுக்குச்சா?”

“தரை காஞ்சுதான் கெடந்துச்சு மேடம். நான் இன்னும் உள்ளயே போகல. கதவுகிட்ட நின்னுட்டிருந்தேன். அடுத்து பார்த்தா தரையில கெடக்கேன். நடுவுல என்னன்னு தெரியல.”

பக்கத்தில் நின்ற கணவர் ஜெகபர் சாதிக், “பாத்ரூம்கிட்ட விழுந்தா வழுக்குனதாத்தானே இருக்கும்னு நான்தான் டாக்டர்கிட்ட சொன்னேங்க,” என்றார்.

“இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கா?”

சுராயா கணவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “ரெண்டு தடவை. ஒண்ணு ரம்ஜான் மாசத்துல. நோன்பு அசதின்னு நெனச்சு யார்கிட்டயும் சொல்லல.”

பொன்னுத்தாய் சித்தார்த்தனைத் தேடிப் போனார். அன்று அவர் இளம் டாக்டர். இரண்டு ஆபரேஷன் முடித்த களைப்பில் இருந்தார்.

“மேடம், எலும்பு முறிஞ்சிருக்கு, கட்டு போட்டாச்சு. ‘ஸ்லிப்’னு இருந்தா என்ன, ‘கொலாப்ஸ்’னு இருந்தா என்ன? விழுந்தாங்க, அவ்வளவுதானே?”

“‘ஸ்லிப்’னா காரணம் தரையில இருக்கு சார். ‘ட்ரிப்’னா கால்ல பட்ட சாமான்ல இருக்கு. ‘கொலாப்ஸ்’னா ஆளுக்குள்ள இருக்கு. நீங்க எந்த வார்த்தையைப் போடுறீங்களோ, அடுத்த டாக்டர் அங்கதான் தேடுவாரு. தரை காஞ்சிருந்துச்சுன்னு அந்தம்மா சொல்றாங்க. எதை அடிக்கணும்னு நீங்க சொல்லுங்க, அடிக்கிறேன். நானா ஒண்ணை எடுத்துப் போட மாட்டேன்.”

டாக்டர் எழுந்தார். கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு வார்டுக்கு நடந்தார். சுராயாவின் முறியாத கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுதாக எண்ணினார். காலையில் எழுபத்திரண்டு என்று எழுதியிருந்த நாடி, இப்போது நாற்பதுக்கும் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியதை ஷெர்லின் பார்த்தார். பத்து நிமிடத்தில் ஈசிஜி எடுத்தார்கள், இதய டாக்டரை வரவழைத்தார்கள், வீட்டுக்குப் போக இருந்தவரை மானிட்டரில் போட்டார்கள். மறுநாள் காலை எடுத்துப் பார்த்த தாளில், இதயம் சில இடங்களில் ஐந்தாறு விநாடி நின்று நின்று ஓடியிருந்தது. அந்த வாரமே அவருக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ‘வழுக்கி விழுந்தார்’ என்ற தாளோடு வீட்டுக்குப் போயிருந்தால் அடுத்த முறை விழுந்தபோது எழுந்திருப்பாரா என்று தெரியாது என்றார் இதய டாக்டர்.

எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் அந்த ஷீட் பத்து நிமிடம் கழித்து, பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் வந்திருந்தால், தானும் டாக்டர் சொல்லையே அடித்திருப்போமோ என்ற கேள்வி பொன்னுத்தாயை விடவில்லை.

ஆனாலும் சம்மரி அடித்தாக வேண்டுமே. எந்த வினைச்சொல்லைப் போடுவது? மறு வாரம் சித்தார்த்தனே ஆவணப் பிரிவுக்கு வந்து எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ‘ஃபெயின்டட்’ போடலாமே என்றார். அதில் வெயிலுக்கும் பயத்துக்கும் மயங்குகிற சாயல் இருக்கிறது என்றார் பொன்னுத்தாய். ‘கொலாப்ஸ்டு’? அது பக்கத்தில் நின்று பார்த்தவர் சொல்லவேண்டிய சொல். அந்தம்மா விழுந்ததை யாருமே பார்க்கவில்லை. ‘பிளாக்டு அவுட்’? கண் இருட்டியது என்று அந்தம்மா சொல்லவே இல்லையே. இப்படி நினைவு தப்புவதற்குச் ‘சின்கோப்’ என்று மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு என்றார் டாக்டர். “அது பேருங்க சார். நடந்ததைச் சொல்ல ஒரு வினை வேணுமே,” என்றார் இவர். இரண்டு டீ ஆறிப்போயிற்று. கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்டு அடித்த வரியின் தமிழ் இதுதான்: ‘கதவருகே நின்றிருந்தார். பிறகு தரையில் கிடந்ததை உணர்ந்தார். விழுந்தது நினைவில்லை.’ தெரியாத இடத்தில் சொல் எதையும் போடாமல் காலியாக விட்டிருந்தார்கள்.

அதன் பிறகு சித்தார்த்தனும் அவரும் சேர்ந்து நிர்வாகத்திடம் ஒன்று கேட்டார்கள். கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்துக்கு மேலே ஒரு வரி வேண்டும், அதில் நோயாளி சொன்னது சொன்னபடி தமிழில் இருக்க வேண்டும் என்று. ஒரு பாரத்துக்கு இரண்டு பாஷை எதற்கு, எழுத யாருக்கு நேரம் என்று எட்டு மாதம் இழுத்தது. எட்டு மாதமும் பொன்னுத்தாய் வாரம் ஒருமுறை போய்க் கேட்டார். 2015 முதல் எங்கள் பாரத்தில் ‘நோயாளி சொன்னபடி’ என்ற வரி இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு மாறியபோதும் அது போகவில்லை. ‘நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு.’ ‘தலைக்குள்ள பம்புசெட்டு ஓடுது.’ ‘இந்தக் காலு என்னுது இல்லாத மாதிரி இருக்கு.’ புதிதாக வரும் டாக்டர்கள் முதலில் இதைப் படித்துச் சிரிப்பார்கள். ஒரு மாதத்தில், ஆங்கிலத்தைப் படிக்குமுன் அதைத்தான் தேடுவார்கள்.

போன வாரம் நடந்தது ஒன்று பாக்கி. நிர்வாக அலுவலர் அற்புதசாமி, பொன்னுத்தாயின் விடுவிப்பு ஆணையை அடித்துக் கையெழுத்துக்கு முன் அவரிடமே காட்டினார். ‘ரிலீவ்டு ஆஃப் ஹர் டியூட்டீஸ்’ என்று இருந்தது. பொன்னுத்தாய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“சார், ‘ரிலீவ்டு’ன்னா விடுவிச்சதும் ஆகும், அப்பாடான்னு நிம்மதி ஆனதும் ஆகும். இதுல நிம்மதி ஆனது நீங்களா, நானா?”

“உங்களுக்கு எந்த வார்த்தை வேணும்னு சொல்லுங்க மேடம், அதையே போட்டுடறேன். ‘ரிடயர்டு’?”

“அது பின்வாங்குறது. படை பின்வாங்குறதுக்கும் அதைத்தான் சொல்வாங்க. நான் ஒண்ணும் பின்வாங்கலையே.”

“அப்ப தமிழ்ல ‘பணி நிறைவு’ன்னு போடவா?”

“நிறையலீங்களே,” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது. ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் வந்து, “‘லெஃப்ட்’னு போடுங்க சார். முப்பத்தொண்ணாம் தேதி அஞ்சு மணிக்குப் போறேன். நடக்கப்போறது அதுதானே,” என்றார். அற்புதசாமி அப்படியே போட்டார்.

அம்மையீர், கதை இங்கே முடிகிறது. இனி உங்களைப் பார்த்தே பேசுகிறோம்.

கறைபடாத கடமையும் கனிவு குறையாத கண்டிப்பும் கொண்டு, காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, மாலையில் சந்தேகம் தீர்ந்தபின் சென்ற உங்களுக்கு, நோயில்லாத உடலும் நீங்காத ஆவலும் நீண்ட ஆயுளும் திருவரங்கத்துப் பெருமாளும் சமயபுரத்தாளும் எங்கள் எல்லோருடைய தெய்வங்களும் அருளட்டும். இப்போது குடியிருக்கும் கே.கே. நகர் வீட்டில் உங்கள் காலைகள் அவசரமில்லாமல் விடியட்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உங்களை மீறுகிறோம். ஆணையில் ‘லெஃப்ட்’ என்ற சொல் இருக்கட்டும். அது ஆங்கிலத்தில், அலுவலகத்துக்காக. ஆனால் நம் பக்கத்தில் வாசற்படியில் நின்று ‘போறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் வீட்டில் இருப்பவர்கள் விடுவதில்லை. அந்த இடத்தில் நாம் இரண்டு வினைச்சொற்களைச் சேர்த்தே சொல்கிறோம். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு உரிமையில்லை. மேடையிலிருந்து இறங்கும்போது எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்து, ‘போயிட்டு வரேன்’ என்று முழுதாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

சொன்ன சொல் தவறாதவர் நீங்கள் என்று அறிந்த,
வடகரை மருத்துவமனைப் பணியாளர்கள்
திருவரங்கம், திருச்சிராப்பள்ளி
31.05.2025